மணத்திற்கும் பருவம் உண்டு



பொன்னமராவதிக்கு மேற்கே எழுந்து நிற்கும் பிரான்மலையே பாரி வள்ளலின் பறம்பு மலை என்பர். முல்லைக்குத் தேர் ஈந்த வரலாறு அம்மலைக்கு உரியது. பொன்னமராவதி வட்டாரத்து ஒலியமங்கலமே சங்க நூல்களில் வரும் ஒல்லையூர் என்றும் அறிஞர் கொள்வர். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது, குடவாயிற் கீரத்தனார் தம் துயரை முறையிட்டதும் பூத்து நின்ற முல்லையினிடமே. புறநானூற்றின் 242ஆம் பாட்டு அது. ஆக, முல்லை மணம் இந்த மண்ணுக்குப் புதியதன்று.

முல்லையைப் பாடிய நம் முன்னோர் அதன் காலத்தையும் உடன் குறித்தனர். பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. ஒரு பூவைச் சொல்லும்போது அதற்குரிய திங்களையும் வேளையையும் சேர்த்துச் சொல்வது தமிழ் மரபு. இஃது அழகுக்காக மட்டும் அமைந்த மரபு என்று எண்ணிவிட வேண்டா. செடிகளின் நறுமண எண்ணெயை ஆராயும் இரசாயன நூலார் இன்று கூறுவதும் ஏறத்தாழ இதுவே. ஒரு செடியின் பெயரைச் சொன்னால் மட்டும் அதன் எண்ணெயைச் சொன்னதாகாது. எந்தத் திங்களில், எந்த வளர்ச்சி நிலையில், எந்த வேளையில் பறித்தது என்பதையும் சொல்ல வேண்டும். இதனை மறந்தால் உழவனுக்கு நட்டம், மருத்துவனுக்கு ஐயம், நோயாளிக்குத் தீங்கும் நேரலாம். அஃது எவ்வாறு என்பதைக் காண்போம்.

முதலில், நறுமண எண்ணெய் என்பது யாது? நாம் செக்கில் ஆட்டும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேறு, இது வேறு. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு துளி நல்லெண்ணெயை இடுங்கள். அந்தக் கறை எத்தனை நாளாயினும் போகாது. மற்றொரு தாளில் ஒரு துளி நீலகிரித் தைலத்தை இடுங்கள். சிறிது நேரத்தில் கறையும் மறையும், மணமும் காற்றில் கலந்துவிடும். காற்றில் பறந்துபோகும் இத்தகைய எண்ணெய்களையே நறுமண எண்ணெய்கள் என்கிறோம். துளசி இலையைக் கசக்கினால் கையில் ஒட்டும் மணமும், ஆரஞ்சுத் தோலைத் தீபத்தருகில் பிதுக்கினால் சுடர்விட்டுத் தெறிக்கும் பொறியும் இவற்றின் வேலையே.

இந்த எண்ணெய் ஒரே பொருளால் ஆனதன்று. பத்து, இருபது, சில செடிகளில் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் கூடியிருக்கும் கூட்டம் அது. ஒரு கச்சேரியில் குரலும் வயலினும் மிருதங்கமும் கலந்து ஒலிப்பதுபோல, அப்பொருள்கள் கலந்து நமக்கு ஒரே மணமாகத் தோன்றுகின்றன. ஒன்றன் அளவு ஏறி மற்றொன்றன் அளவு இறங்கினால் மணமும் மாறும், மருந்துக் குணமும் மாறும்.

இவற்றைச் செடி எவ்வாறு ஆக்குகிறது? கதிரவன் ஒளியைக் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. அச்சர்க்கரையிலிருந்து ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சிறு கூறு உண்டாகிறது. இதனை ஒரு செங்கல் என்று கொள்ளுங்கள். இரண்டு செங்கல் சேர்ந்தால் பத்துக் கார்பன் கொண்ட பொருள்; மூன்று சேர்ந்தால் பதினைந்து கார்பன் கொண்ட பொருள். டர்ப்பீன்கள் எனப்படும் இவையே பெரும்பாலான நறுமண எண்ணெய்களுக்கு அடிப்படை. இவற்றின் அமைப்பைத் தெளிவாக்கிய ஆட்டோ வாலாக் என்ற ஜெர்மானியர் 1910இலும், அத்துறையை விரிவாக்கிய லியோபால்டு ரூசிக்கா 1939இலும் நோபல் பரிசு பெற்றனர்.

செங்கல் ஒன்றாயினும் கட்டடம் பலவாகும் அல்லவா? செடியின் உயிரணுவிலுள்ள நொதிகள் ஒரு பொருளை மற்றொன்றாக மாற்றிக்கொண்டே இருக்கின்றன. வெயில், நீர், குளிர், இலையின் வயது ஆகியவற்றைப் பொறுத்து அந்நொதிகளின் வேலை கூடும், குறையும். காலந்தோறும் எண்ணெய் மாறுவதற்கு இதுவே காரணம். இரண்டு, மூன்று எடுத்துக்காட்டுகளால் இதனை விளக்குவேன்.

முதல் எடுத்துக்காட்டு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கொத்தமல்லித் தழையும் தனியாவும் ஒரே செடியின் இரு பகுதிகள். எனினும் தழையின் மணம் தனியாவில் இல்லை; தனியாவின் மணம் தழையில் இல்லை. தழையிலும் பச்சைக் காயிலும் ஆல்டிஹைடு என்னும் வகைப் பொருள்கள் மிகுந்திருக்கின்றன. பழக்கமில்லாத மேலைநாட்டார் சிலர், மூட்டைப்பூச்சியை நசுக்கினாற்போல் நாறுகிறது என்று அதனை வெறுப்பர். காய் முற்றி உலர உலர அந்த ஆல்டிஹைடுகள் குறைகின்றன. லினலூல் என்னும் இனிய மணப்பொருள் ஓங்குகிறது. நன்கு முற்றிய தனியாவின் எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூலே. ஐப்பசியில் விதைத்த மல்லியைத் தை, மாசியில் அறுவடை செய்யும் உழவன் சில நாள் அவசரப்பட்டால் என்ன ஆகும்? எடை குறைவதோடு மணமும் பிழைத்துவிடும். அவன் மூக்கு அதனை அறியும்; இரசாயனம் அதற்குப் பெயர் வைக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது எடுத்துக்காட்டு புதினா இனத்தைச் சேர்ந்தது. மிட்டாயிலும் பற்பசையிலும் தலைவலித் தைலத்திலும் குளிர்ச்சி தருவது மென்தால் என்னும் பொருள். உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி முதலிய மாவட்டங்களில் மென்தால் புதினா பெருமளவில் பயிராகிறது. 1959இல் தொடங்கப்பெற்று, இப்போது இலக்னோவில் இயங்கும் மைய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் இப்பயிருக்குப் பேருதவி செய்தது. புதினா இனத்தின் இளம் இலையில் முதலில் மிகுவது மென்தால் அன்று; மென்தோன் என்னும் மற்றொரு பொருள். இலை முதிரும்போது மென்தோன் மென்தாலாக மாறுகிறது. எனவே மிக இளம்பயிரை அறுத்தால் மென்தால் குறையும். மிகவும் காத்திருந்தாலோ கீழ் இலைகள் உதிர்ந்து எண்ணெயே குறையும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் நட்டமே. ஆகவேதான் அங்குள்ள உழவர் பருவமழை இறங்குமுன் அறுத்து வடித்துவிட விரைகின்றனர்.

இலையின் வயது மட்டுமன்று, இரவின் குளிரும் இதில் பங்கு கொள்கிறது. பர்பாட், லூமிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் மிளகுப் புதினா என்னும் வகையை வெவ்வேறு ஒளியிலும் வெப்பத்திலும் வளர்த்துக் கண்ட முடிவை 1967இல் வெளியிட்டனர். பகல் நீண்டு ஒளி மிகுந்து, இரவு குளிர்ந்திருந்தால் மென்தோன் ஓங்கியது. ஒளி குறைந்து இரவு வெப்பமாக இருந்தால் பூலிகோன், மென்தோபியூரான் என்னும் பொருள்கள் ஓங்கின. பகலில் செய்த சர்க்கரையை வெப்பமான இரவில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடுகிறது. மிச்சம் இருந்தால்தானே அடுத்த வேலை நடக்கும்? வருவாய் உள்ள வீட்டிலும் செலவு மிஞ்சினால் நல்ல காரியம் நின்றுவிடுவதுபோல என்று கொள்ளலாம். பூலிகோன் மிகுதியாக உட்சென்றால் ஈரலுக்குக் கேடு செய்யும் பொருள் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். பருவம் மாறினால் மணம் மட்டுமன்று, நன்மை தீமையின் அளவும் மாறும்.

இனி நம் சீமைக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களை நம்பி வாழும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழி, தையில் பனி. பங்குனி தொடங்கி வைகாசி வரை கடும் வெயில். இத்தகைய நிலத்தில் நீர் குறைவாகக் கேட்கும் எலுமிச்சைப்புல், வெட்டிவேர் போன்ற பயிர்களை இடலாமா என்று உழவர் சிலர் எண்ணுவது இயல்பு. ஆடுமாடு மேயாது, திருட்டுப் பயமில்லை, மேட்டு நிலத்திலும் வளரும் என்பன இவற்றின் நன்மைகள். ஆனால் இவை நெல்லைப்போல மூட்டைக் கணக்கில் விலைபோகும் பயிர்கள் அல்ல. இவற்றில் விலை பெறுவது எண்ணெய். எண்ணெய்க்கு விலை கொடுப்பது அதன் இரசாயனம்.

எலுமிச்சைப்புல்லை எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகில் ஓடக்காலி என்னும் ஊரில் 1951இல் இப்புல்லுக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் ஏற்பட்டது. அங்கே உருவான ‘சுகந்தி’ என்னும் வகை புகழ்பெற்றது. இப்புல்லின் எண்ணெயில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு சிட்ரால் இருக்கும். சிட்ராலிலிருந்து அயனோன் என்னும் நறுமணப் பொருளைச் செய்யலாம் என்று 1893இல் ஜெர்மனியில் கண்டறிந்தனர். பிற்காலத்தில் வைட்டமின் ஏ செய்வதற்கும் அதே வழி பயன்பட்டது. நூறு கிலோ பசும்புல்லை வடித்தால் ஏறத்தாழக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை எண்ணெய் கிடைக்கும்.

மழைக்காலத்தில் புல் தழைத்து வளரும். ஆனால் அதில் நீரே மிகுதி. வெயில் காலத்தில் புல் குறைவு. ஆனால் எண்ணெய் வீதம் கூடுதல். புரிதலுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழை மாதத்தில் ஓர் ஏக்கரில் 4,000 கிலோ புல், நூற்றுக்குக் கால் பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் 10 கிலோ எண்ணெய் கிடைக்கும். வறண்ட மாதத்தில் 2,500 கிலோ புல், நூற்றுக்கு 0.4 பங்கு எண்ணெய் என்றால் அப்போதும் 10 கிலோ எண்ணெயே. வரவு ஒன்றுதான். ஆனால் முன்னதில் 1,500 கிலோ புல்லைக் கூடுதலாக அறுக்க வேண்டும், சுமக்க வேண்டும், அதனை வடிக்க விறகும் எரிக்க வேண்டும். வயலைப் பார்த்து மகிழ்ந்தவன் கொப்பரை அருகில் வந்து கலங்குவது இதனால்தான். பசுமையே செல்வம் என்ற நெல் விவசாயக் கணக்கு இங்கே செல்லாது.

அதற்காக, வறட்சி மிகுந்தால் எண்ணெயும் மிகும் என்று முடிவு கட்டிவிடுதலும் தவறு. ஓரளவு நீர் குறைந்தால் செடியின் வளர்ச்சி முதலில் தளர்கிறது. வளர்ச்சிக்குச் செலவாக வேண்டிய கார்பனில் ஒரு பங்கு எண்ணெயாக மாற இடமுண்டு. ஆனால் கண்மாய் வற்றி, வேர் காய்ந்து, இலை சுருண்டுவிட்டால் செடி சர்க்கரை செய்வதையே நிறுத்திவிடும். அதன்மேல் அக்கினி வெயிலில் இருக்கிற எண்ணெயிலும் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். எளிதில் பறக்கும் பொருள்கள் முந்திப் போக, கனமானவை தங்கிவிடும். கூட்டத்தின் விகிதமே மாறிவிடும். ஆதலின் நாடவேண்டியது நடுநிலை. அந்த நடுநிலை எந்தத் திங்களில் வருகிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கேரளத்தில் வைகாசி தொடங்கித் தை வரை இப்புல்லை அறுக்கின்றனர். தென்மேற்கு மழை பெறும் அவ்வூர்க் கணக்கை வடகிழக்கு மழையை நம்பும் பொன்னமராவதியில் அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது.

வேரின் கதை வேறு. கடலூர்ப் பக்கத்து நொச்சிக்காடு முதலிய இடங்களில் விளையும் வெட்டிவேரை எடுத்துக்கொள்ளுங்கள். இலை எண்ணெய் வாரக் கணக்கில் மாறும்; வேரின் எண்ணெய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் முதிரும். அதன் எண்ணெய் கனத்த பதினைந்து கார்பன் பொருள்களால் ஆனது. காலத்திற்கு முன் தோண்டிய வேரின் எண்ணெய் இலேசாக, நின்று மணக்கும் ஆற்றலின்றி இருக்கும். ஒன்றரை ஆண்டு அளவில் முதிர்ந்து, மழை ஓய்ந்த வறண்ட நாளில் தோண்டிய வேரின் எண்ணெயோ தடித்து, ஆழ்ந்த மண் மணத்தோடு விளங்கும். பணமுடையால் ஓராண்டிலேயே தோண்டிவிடும் சிறு உழவன் எடையை விற்கிறான், முதிர்ச்சியை இழக்கிறான்.

பூவுக்குத் திங்களோடு நாழிகையும் கணக்கு. மல்லிகை மொட்டை விடியலிலேயே பறித்துவிடுகின்றனர். அப்போது அதில் மணம் சிறிதே. மாலையில் கட்டவிழும்போது லினலூல், பென்சைல் அசிட்டேட்டு, இண்டோல் முதலிய பொருள்கள் வெளிப்படத் தொடங்கி இரவில் ஓங்குகின்றன. இரவில் உலவும் அந்துப்பூச்சியை அழைப்பதற்கு அல்லவா மணம்? பகலில் அழைத்து என்ன பயன்? முல்லைக்கு மாலையைச் சிறுபொழுதாக வைத்தவர்கள் கண்ணும் மூக்கும் கூர்மையானவர்கள்.

மருத்துவ நூல்களும் காலத்தை வற்புறுத்தின. இலைகளை மழைக்காலத்திலும் இளவேனிலிலும், வேர்களைக் கோடையிலோ பின்பனியிலோ எடுக்க வேண்டும் என்று சரக சம்ஹிதை வகுக்கிறது. வறண்ட நாளில் வெட்டிவேர் தோண்டும் வழக்கத்திற்கு இவ்விதி இசைந்தே நிற்கிறது. ஆனால் எல்லா இலைக்கும் ஒரே விதி என்பதை இரசாயனம் ஏற்பதில்லை. தழைத்த மழைக்கால இலை உணவுக்கும் சாற்றுக்கும் நன்றாகலாம். எண்ணெய்க்கு அதுவே சிறந்தது என்று சொல்ல முடியாது. முன்னோர் காலத்தைக் கருதினர் என்பதைப் போற்றுவோம். எந்தச் செடிக்கு எந்தக் காலம் என்பதைச் சோதித்துத் தெளிவோம். போற்றுதல் வேறு, சோதியாமல் விடுதல் வேறு.

இத்தனையும் அறிந்து பயன் என்ன என்று கேட்கலாம். பயன் சந்தையில் இருக்கிறது. ஒரு காலத்தில் எண்ணெயின் தரத்தை அடர்த்தி, ஒளி விலகல் முதலிய சில அளவுகளாலும் மூக்காலுமே அறிந்தனர். 1952இல் ஜேம்சு, மார்ட்டின் என்னும் ஆங்கில அறிஞர் வாயு நிறப்பகுப்பு என்னும் முறையை விளக்கி எழுதினர். அதன்பின் ஒரு துளி எண்ணெயில் எந்தப் பொருள் எத்தனை பங்கு என்பதைக் கருவியே வரைந்து காட்டுகிறது. இன்று வாங்குவோர் அந்த வரைபடத்தைப் பார்த்தே விலை பேசுகின்றனர். ஐரோப்பிய மருந்து நூல், யூகலிப்டஸ் எண்ணெயில் சினியோல் நூற்றுக்கு 70க்குக் குறையலாகாது என்று விதிக்கிறது. 1974இல் தோன்றிய தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வளர்த்துவரும் தைல மரங்கள் காகிதக் கூழுக்கானவை. நீலகிரியில் தைலம் வடிக்கும் மரம் வேறு இனம். பெயர் ஒன்றாயினும் இனம் வேறானால் எண்ணெய் வேறு. இனம் ஒன்றாயினும் காலம் வேறானால் எண்ணெய் வேறு.

இங்கே ஓர் அநீதி நேர்வதைக் கவனியுங்கள். நேர்மையாக வடித்த சிறு உழவனின் எண்ணெய், பருவத்தின் காரணமாகக் குறித்த அளவுக்குச் சிறிது குறைந்து நிற்கலாம். உடனே கலப்படம் என்ற பழி அவன்மேல் விழுகிறது. ஆலையில் செய்த சிட்ராலைக் கலந்து விற்பவனின் சரக்கோ ஆண்டு முழுதும் அளவு பிசகாமல் இருக்கும். அவன் நல்லவன் ஆகிவிடுகிறான். இயற்கைப் பொருள் மாறும் என்பதை அறியாதவன், மாறாததையே தூயது என்று மயங்குவான். ஒவ்வொரு திங்களிலும் இயல்பான ஏற்ற இறக்கம் இவ்வளவு என்று எழுதி வைத்த கணக்கு ஒன்றே நேர்மையாளனுக்குச் சாட்சி.

பருவமே நிலைமாறி வருகிறது என்பதும் இந்நாளில் எண்ணத்தக்கது. பிரான்சின் தெற்கே மான்பெலியே நகருக்கு வடக்கில் தைம் என்னும் மணச்செடி காடாக வளர்கிறது. குளிர் கடுமையான பள்ளத்தில் ஒருவகை எண்ணெய் உள்ள செடிகளும், அதனைச் சூழ்ந்த மேட்டில் நம் ஓமத்தின் மணப்பொருளான தைமால் போன்றவை மிகுந்த செடிகளும் என்று பிறவியிலேயே பிரிந்திருந்தன. 1970களில் குறித்த எல்லையை ஏறத்தாழ 2010இல் மீண்டும் சோதித்தபோது, குளிர் தாங்காத தைமால் வகை பள்ளத்தின் சில பகுதிகளுக்குள் புகுந்திருக்கக் கண்டனர். உறைய வைக்கும் கடுங்குளிர் குறைந்ததே காரணம் என்பர் ஆய்வாளர். ஒரு செடியில் திங்கள்தோறும் நிகழும் மாற்றம் அன்று இது. தலைமுறைதோறும் நிகழும் மாற்றம். எனினும் வானிலை மாறினால் எண்ணெய் மாறும் என்னும் பாடம் ஒன்றே.

ஆகவே நறுமணப் பயிர் செய்ய விரும்புவோர்க்குச் சில சொற்கள். முழு வயலையும் அறுக்குமுன் ஒரு பாத்தியை அறுத்து, எடை போட்டு, வடித்துப் பாருங்கள். அறுத்த நாள், முந்திய மழை நாள், பயிரின் வயது, புல்லின் எடை, எண்ணெயின் அளவு ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எண்ணெய்ப் புட்டியில் வடித்த திங்களையும் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே சோதனைக்கு அனுப்பச் செலவு கட்டாது. ஊரார் சிலர் ஒன்றுகூடி அனுப்பினால் அது சுமையாகாது. மூன்று ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால் போதும். பொன்னமராவதி வட்டாரத்திற்கு எந்தப் பயிரை எந்தத் திங்களில் அறுப்பது என்ற கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும். வெளியூர்ப் புத்தகம் அதனைத் தராது.

வீட்டில் மூலிகை வளர்ப்போர்க்கும் ஒரு சொல். மழைநாள் துளசியும் கோடைத் துளசியும் ஒரே வலிமை உடையன அல்ல. இலைகளின் எண்ணிக்கை ஒன்றாயினும் உட்செல்லும் பொருளின் அளவு ஒன்றன்று. புட்டியில் அடைத்த எண்ணெயோ பன்மடங்கு வலிது. குழந்தைகளுக்கும் கருவுற்றோர்க்கும் அதனை மருத்துவரைக் கேளாமல் உள்ளுக்குக் கொடுத்தல் கூடாது. செடி நம் முற்றத்தில் வளர்வதாலேயே அதன் அளவு நமக்குத் தெரிந்துவிட்டது என்று பொருளாகாது.